வள்ளியின் கடைசி அத்தியாயம்

வள்ளி பிழைச்சாளா இல்லையான்னா கேக்கறீங்க? அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. காய்கறிக் கடையில கேக்கறாங்க, கல்யாண வீட்டுல கேக்கறாங்க. போன வாரம் பல்லு புடுங்கப் போனேன், வாயில பஞ்சை அடைச்சுட்டு அந்த டாக்டர் கேக்கறான், "மேடம், வள்ளி என்ன ஆனா?"ன்னு. நான் பதில் சொல்ற நிலைமையிலயா இருக்கேன்?

ஆமா, நான்தான் எழுத்தாளர் மங்கையர்க்கரசி. பத்திரிகையில வர்ற போட்டோ பழசு, அதான் உங்களுக்குச் சந்தேகம். விழுப்புரத்துலயா இறங்கறீங்க? அப்ப நேரம் இருக்கு. அந்தப் பையை இப்படி நடுவுல வைங்க, கால் வலிக்கும். சொல்றேன். ஆனா ஒண்ணு, நடுவுல முடிவைக் கேக்கக் கூடாது. எனக்கு அது பிடிக்காது. கதையை அதோட வரிசையில கேட்டாத்தான் நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

பிலோமினான்னு ஒருத்தி. அவதான் எனக்கு இதைப் பண்ணினா.

திருச்சியில காலேஜ் படிக்கறப்ப ஹாஸ்டல்ல ஒரே ரூம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்னு என் முதல் கதையை முத்து முத்தா பிரதி எடுத்துக் குடுத்தவ. தபால் செலவும் அவளோடது. கதை வந்தப்ப ஹாஸ்டல் பூரா மிட்டாய் குடுத்ததும் அவதான். அப்படிப்பட்டவ பண்ணினாங்கறதுதான் எனக்குத் தாங்கல. யாரோ எவளோ பண்ணியிருந்தா துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன்.

அவ கணக்கு டீச்சரா இருந்து ரிடையர் ஆனா. அவ வீட்டுக்காரர் நெஞ்சு வலியில போனதுக்கு அப்புறம், ஏழைங்களுக்கு இதய ஆபரேஷன் பண்ணி வைக்க ஒரு சின்ன அறக்கட்டளை ஆரம்பிச்சா. வசதியானவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பா. வெக்கமே கிடையாது அவளுக்கு, நல்ல விஷயத்துலதான் சொல்றேன். ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்தா. "மங்கை, உறையூர்ல தெய்வானைன்னு ஒரு தையல்காரி. இதயத்துல வால்வு சுருங்கிப் போச்சு. புருஷன் திருப்பூர் போறேன்னு போனவன் திரும்பல. எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு. நீ எழுதற பத்திரிகையில ஒரு பக்கம் எழுதிக் குடுடி, ஜனங்க உதவி பண்ணுவாங்க"ன்னா.

ஒரு பக்கம்! அப்ப என் நிலைமை என்ன தெரியுமா உங்களுக்கு? ரெண்டு வாரப் பத்திரிகையில தொடர்கதை. மாசம் ஒரு நாவல். ரேடியோவுக்கு நாடகம் வேற. காலையில எந்திரிச்சா சட்டியில குழம்பு கொதிக்கும், பக்கத்துல நின்னுக்கிட்டே எழுதுவேன். பாதிக் காகிதத்துல புளித்தண்ணிக் கறை இருக்கும், அச்சுக் கோக்கறவங்களுக்கே பழகிப் போச்சு. ஒரு தடவை இந்தத் தொடர்ல செத்துப்போன மாமனார் அந்தத் தொடர்ல வந்து உக்காந்து காபி குடிச்சுட்டார். வாசகர் கடிதம் மூட்டை மூட்டையா வந்துச்சு. போன் வந்தா எங்க வீட்டுக்காரர் எடுத்து, "அவங்க குளிக்கறாங்க"ம்பார். ஒரு நாளைக்கு நான் எத்தனை தடவைதான் குளிப்பேன்னு உதவி ஆசிரியர் கேட்டாராம்.

அப்படி இருந்தும் முடியாதுன்னு சொல்லல நான். அதைக் கவனிங்க. முடியாதுன்னு ஒரு வார்த்தை என் வாயில வரல.

ஒரு பக்கம் எழுத உக்காந்தேன். உக்காந்தா கை நிக்கல. சும்மா "உதவி பண்ணுங்கள்"னு எழுதினா யார் படிப்பா? பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடுவாங்க. நான் நாப்பது வருஷமா எழுதறவ, ஜனங்களை எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். பேரை மட்டும் மாத்தி வள்ளின்னு வெச்சேன். தெய்வானையை வள்ளி ஆக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். முதல் வாரம், வள்ளி ஒரு கல்யாண ரவிக்கை தைச்சுக்கிட்டே இருக்கா, ஊசி கையிலேருந்து நழுவுது, மிஷின் மேலயே சாயறா. தொடரும். அவ்வளவுதான். கீழ அறக்கட்டளை விலாசம்.

அடுத்த வாரமே மணியார்டர் வர ஆரம்பிச்சுருச்சு. பிலோ போன்ல அழறா. "மங்கை, நீ தெய்வம்டி"ன்னா. அந்த வாயாலதான் சொன்னா, இந்தக் காதாலதான் கேட்டேன்.

ஒரு பக்கம் கேட்டவளுக்கு நான் பன்னிரண்டு வாரத் தொடரே குடுத்தேன். சம்பளம் கிடையாது. இன்னொரு பத்திரிகையில ஒரு தொடர் கேட்டாங்க, அதை வேண்டாம்னுட்டு இதை எழுதினேன். வாராவாரம் பிலோவுக்கு போன் போட்டு விவரம் கேப்பேன். மிஷின் என்ன கலர், வீடு எப்படி, பொண்ணு என்ன கேட்டுச்சு, ராத்திரி மூச்சு வாங்குதா... எல்லாம் கேப்பேன். "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்டி, உறையூர்தானே"ம்பா. உறையூர் எங்க தில்லை நகர்லேருந்து ஆட்டோவுல ஏறி உக்காந்தா வந்துரும். ஆனா எனக்கு ஏதுங்க நேரம்? அவளுக்காகத்தானே இங்க உக்காந்து எழுதறேன். எழுதறதை விட்டுட்டுப் போய் அவளைப் பாத்துட்டு இருந்தா அவளுக்கு யார் எழுதறது?

சரி, முகத்தைப் பாத்தாலே தெரியுது, உங்களால தாங்க முடியல. சொல்லிடறேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பிழைச்சுட்டா. வீட்டுக்கும் வந்துட்டா. இப்ப ஜம்முனு இருக்கா.

பாருங்க, சொன்னதும் உங்க முகமே மாறிப் போச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. இதுக்குத்தான் நான் முடிவைச் சொல்றதில்ல. இனிமே நான் சொல்றதை நீங்க பாதிக் காதுலதான் கேப்பீங்க. நான் பட்ட பாடே இதுதாங்க, கேளுங்க.

நாங்க எழுதறது வேற, நீங்க படிக்கறது வேற. நீங்க இந்த வாரம் படிக்கறது நான் எப்பவோ குடுத்தது. நாலஞ்சு அத்தியாயம் முன்னாடியே எழுதி அனுப்பிடணும், அச்சுக்குப் போகணும், படம் வரையணும். வள்ளியை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில சேக்கறதை நீங்க படிக்கறப்பவே அந்த தெய்வானை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல கஞ்சி குடிக்கறா. கதையில வள்ளி இன்னும் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயே போகல.

பிலோ போன் பண்ணினா. "மங்கை, அவ நல்லாயிட்டாடி. இந்த வாரமே எழுதிடு"ன்னா.

"எப்படிடி எழுதறது? இன்னும் அஞ்சு வாரம் இருக்கு"ன்னேன்.

"அவ நல்லாயிட்டா மங்கை."

"தெரியுது. அதைக் கடைசியில எழுதறேன்."

நியாயம்தானே? ஆசிரியரே எனக்கு போன் போட்டார், அவர் யாருக்கும் போன் போடாத மனுஷன். "அம்மா, வள்ளியைக் கொஞ்ச நாள் தியேட்டருக்குள்ளயே வைங்க. கடையில பத்திரிகை நிக்க மாட்டேங்குது"ன்னார். எனக்காகவா செஞ்சேன்? பணம் வந்துட்டே இருந்துச்சு. தெய்வானைக்கு வேண்டியது போக, வேற நாலு பேருக்கு ஆபரேஷன் நடந்துச்சு. வள்ளி பிழைச்சுட்டான்னு நான் எழுதினா மறுநாளே மணியார்டர் நின்னுரும். சமயபுரத்துல ஒரு அம்மா வள்ளிக்காக மாவிளக்கு போட்டு எனக்குக் கடிதம் எழுதறாங்க. நீங்க என்ன பண்ணீங்க? பணம் அனுப்பினீங்களா? பாத்தீங்களா! அவ நல்லாயிட்டான்னு தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பீங்களா? அவ்வளவுதான். இதை பிலோகிட்ட சொன்னேன். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்குப் புரியல.

அவ வேற என்னென்னமோ சொன்னா. பேரை மாத்தியும் உறையூர்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சாம். நான் பச்சை பெயிண்ட் அடிச்ச மிஷின்னு எழுதிட்டேன், அந்தத் தெருவுல பச்சை மிஷின் அவளோடது ஒண்ணுதானாம். கதையைப் படிச்சுட்டு, தைக்கக் குடுத்தவங்க எல்லாம் வந்து பாதி தைச்ச துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போறாங்களாம். தீபாவளி நேரம். புதுசா யாரும் துணி குடுக்க மாட்டேங்கறாங்களாம், பொழைக்க மாட்டான்னு. அவ நேர்ல நின்னு, "நல்லாயிட்டேன் அக்கா"ன்னு சொன்னாலும், "பத்திரிகையில அப்படிப் போடலியேம்மா, உனக்கு என்னத்தைத் தெரியும், டாக்டர் மறைச்சிருப்பாங்க"ங்கறாங்களாம். வீட்டுக்காரம்மா வேற, வீட்டுக்குள்ள ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு காலி பண்ணச் சொல்றாளாம்.

"எழுத்துக்கு எவ்வளவு சக்தி பாத்தியாடி"ன்னேன். அவ போனை வெச்சுட்டா. லைன் கட்டாயிருச்சு போலன்னு நெனச்சேன்.

ஒரு போன் போட்டு அத்தியாயத்தை மாத்தச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறீங்க. சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பாங்க. ஆனா நல்லா ஓடிட்டு இருக்கற கதையை நடுவுல குத்தி சாகடிக்கறது தர்மமா? அந்தக் கையால நான் அப்புறம் எப்படி எழுதறது?

அப்பதான் விழா வந்துச்சு. அறக்கட்டளைக்கு நிதி சேக்கறதுக்குக் கல்யாண மண்டபத்துல பெரிய விழா. பாட்டுக் கச்சேரி, நாடகம், நடுவுல நான். கடைசி அத்தியாயம் பத்திரிகையில வர்றதுக்கு முன்னாடி மேடையில நானே படிக்கணும். என்னோட யோசனைதான். டிக்கெட் அத்தனையும் அதுக்காகவே போச்சுன்னு பிலோவே ஒத்துக்கிட்டா. உறையூரே திரண்டு வருதுன்னா. நான் அவகிட்ட தெளிவா சொன்னேன், "தெய்வானையைக் கூட்டிட்டு வா. ஆனா யார் கண்ணுலயும் படக் கூடாது. மேடைத் திரைக்குப் பின்னாடி உக்கார வை. நான் படிப்பேன். டாக்டர் கதவைத் திறந்துக்கிட்டு வர்றார், முகத்துல கட்டின துணியை அவுக்கறார், அங்க நிறுத்திடுவேன். அப்ப திரை விலகணும். அவ நடந்து வரணும். மண்டபமே அலறணும்"னேன். எனக்குச் சொல்றப்பவே உடம்பு சிலிர்த்துச்சு.

"பாக்கலாம் மங்கை"ன்னா பிலோ. பாக்கலாம்! அந்த வார்த்தையை நான் கவனிச்சிருக்கணும்.

விழா அன்னிக்குன்னு பாத்து இன்னொரு தொடரோட அத்தியாயம் தொலைஞ்சு போச்சுன்னு போன். உக்காந்து மறுபடி எழுதினேன், பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டே. மண்டபத்துக்குப் போறப்ப நேரமாயிருச்சு. முன் வாசல்ல கூட்டம், ஆட்டோ போக முடியல. பின்னாடி சமையல்கட்டு வழியா என்னைக் கூட்டிட்டுப் போய் நேரா மேடையில ஏத்திட்டாங்க. பிலோ அங்க நின்னா. "தெய்வானை வந்தாச்சா?"ன்னேன். "வந்தாச்சு"ன்னா. என் கண்ணைப் பாத்துச் சொன்னா.

படிக்க ஆரம்பிச்சேன். நல்ல குரல் எனக்கு, ரேடியோவுல பேசின குரல். தியேட்டர் வாசல்ல வள்ளியோட பொண்ணு நிக்கறா, சுவத்துக் கடிகாரம் ஓடுது, உள்ளேருந்து சத்தமே இல்ல. இந்த இடத்துல விசும்பல் கேக்கணும். கேக்கல. நிமிந்து பாத்தா, முன் வரிசையில ஒரு அம்மா கல்கண்டைக் கடிச்சுக்கிட்டே சிரிக்கறாங்க. சரி, ஒருத்தர் அப்படித்தான்னு அடுத்த வரிசையைப் பாத்தா எல்லாரும் சிரிக்கறாங்க. நல்ல சிரிப்பு, கல்யாணத்துல சிரிக்கற சிரிப்பு. புடவை ஏதாவது கிழிஞ்சிருக்கான்னு கூட தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்து ஒரு பொம்பளை மேடையில ஏறி வர்றா. குண்டா, மஞ்சள் புடவை, வாய் கொள்ளாத சிரிப்பு. கையில தட்டு, பன்னீர்ச் செம்பு, சந்தனம், கல்கண்டு. வாசல்ல நின்னு வரவேற்கறவ. நான் பின்னாடி வழியா வந்துட்டேன்ல, எனக்குக் குடுக்கலையேன்னு ஏறி வந்துட்டா. இங்கிதம் வேண்டாமா? மைக்குக்கு முன்னாடி தட்டை நீட்டறா. "அப்புறம்மா, அப்புறம்"னேன். நகரல. மைக்கைக் கையால மூடிக்கிட்டு, "யாரும்மா நீ? படிச்சுட்டு இருக்கேன்ல, கீழ இறங்கு"ன்னேன். மூடினது சரியா மூடல போல. மண்டபம் பூரா கேட்டுருச்சு.

அப்புறம் எழுந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு! என் ஆயுசுல அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்ல.

பிலோ பக்கத்துல வந்து மெதுவா சொன்னா, "மங்கை, இதுதான் தெய்வானை."

எனக்கு எப்படிங்க தெரியும்? நான் எழுதின வள்ளி ஒல்லி. பெரிய கண்ணு, கண்ணுக்குக் கீழ கருப்பு. அத்தனை வாரம் படம் போட்டவரும் அப்படித்தான் போட்டார். இவ முகத்துல ஒரு சோகம், ஒரு களைப்பு, ஏதாவது இருக்கணுமா இல்லையா? சாவைத் தொட்டுட்டு வந்தவ மாதிரியா இருந்தா!

விழா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவளை வாசல்ல நிறுத்திட்டா பிலோ. உள்ள வந்த அத்தனை பேருக்கும் அவ கையால பன்னீர், அவ கையால சந்தனம். பூரா ஊருக்கும் தெரியும், மேடையில நின்ன எனக்கு மட்டும் தெரியாது. நான் குரல் நடுங்க, "வள்ளி கண் விழிப்பாளா?"ன்னு படிக்கறேன், அவ குடுத்த கல்கண்டை வாயில போட்டுக்கிட்டு அவங்க கேக்கறாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், மேடையிலயே அழுதேன். அதையும் ஜனங்க என்ன நெனச்சாங்க, அவளைப் பாத்த சந்தோஷத்துல அழறேன்னு கை தட்டினாங்க.

மறுநாள் அவ போட்டோவோட பேப்பர்ல செய்தி வந்துருச்சு. அப்புறம் கடைசி அத்தியாயத்தை யார் போடுவா? "வேண்டாம்மா, முடிஞ்சு போச்சு"ன்னுட்டார் ஆசிரியர். அதான் உங்களுக்கு வரல. உறையூர்ல எல்லாருக்கும் தெரியும், அந்தச் செய்தியைப் பாக்காத உங்கள மாதிரி மத்தவங்கதான் இன்னும் கேட்டுட்டு இருக்கீங்க.

ஆனா நான் சும்மா விடல. விழா அன்னிக்குப் பந்தியிலயே கேட்டேன். பிலோ எனக்கு எதிர்ல உக்காந்திருந்தா, பக்கத்துல அந்த தெய்வானை. "ஏன்டி இப்படிப் பண்ணினே? சொல்லு. நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"ன்னேன்.

"நாளைக்கு அவ மிஷின்ல உக்காரணும் மங்கை. வந்தவங்க கண்ணால பாத்துட்டுப் போகட்டும்னுதான் வாசல்ல நிறுத்தினேன்"ன்னா. அமைதியா சொல்றா. சாம்பாரை ஊத்திக்கிட்டே சொல்றா.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனை தடவைடி சொன்னேன்?"

எங்க சொன்னா? அவ சொன்னதெல்லாம் துணி, வாடகை, அந்தப் பேச்சு. இதைச் சொன்னாளா? நான் பதில் சொல்றதுக்குள்ள அந்த தெய்வானை குறுக்க பேசினா. "டீச்சரம்மாவைத் திட்டாதீங்கம்மா. உங்க புண்ணியத்துலதான் நான் உயிரோட இருக்கேன். எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. எம்பொண்ணுதான்..."னு நிறுத்திட்டா.

"சொல்லும்மா, பொண்ணுக்கு என்ன?"ன்னேன்.

"அது வாராவாரம் கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னு புஸ்தகத்தை வாங்கிட்டு வந்துரும்மா. வந்து எம்பக்கத்துல உக்காந்து, ஒரு கையால எங்கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில உங்க கதையை வெச்சுப் படிக்கும். கை சில்லுன்னு இருக்கும். நான்தான் நல்லாயிட்டேனே, இங்கதானேடி உக்காந்திருக்கேன்னா, 'புஸ்தகத்துல இன்னும் வரலியேம்மா'ங்கும்."

இதைச் சொல்லிட்டு அவ அழறா, அதுவரைக்கும் அப்படிச் சிரிச்சவ.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நாப்பது வருஷமா எழுதறேன், எத்தனையோ பரிசு வாங்கியிருக்கேன். இப்படி ஒரு பாராட்டை எனக்கு யாரும் சொன்னதில்ல. பெத்த தாய் பக்கத்துல உக்காந்திருக்கா, அவ சொல்றதை நம்பாம அந்தக் குழந்தை என் எழுத்தை நம்புது! பட்ட அவமானமெல்லாம் ஒரு நிமிஷத்துல மறந்தே போச்சு. சந்தோஷம் தாங்காம, "கேட்டியாடி பிலோ?"ன்னு நிமிந்தேன்.

அவ பாதிச் சாப்பாட்டுல இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டா. கை கழுவப் போறான்னு நெனச்சேன். திரும்பி வரல. வீட்டுக்கு போன் போட்டா அவ மருமக எடுத்து, "அத்தை குளிக்கறாங்க"ங்கறா. எப்ப போட்டாலும் குளிக்கறாளாம்.

என் முதல் கதையைப் பிரதி எடுத்தவ அவ. பாதி இலையில எந்திரிச்சுப் போற அளவுக்கு நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? நீங்களே சொல்லுங்க. எங்க பாத்துட்டு இருக்கீங்க, விழுப்புரம் இன்னும் வரல.